ஏறுங்க மாமி, கர்த்தர் பாத்துக்குவாரு

த்ரீவீல் ஓட்டுறவனுக்குக் கண்ணு ரோட்டுல இருக்கணும், கை ஹேண்டில்ல இருக்கணும், காது மட்டும் பின் சீட்டுக்குச் சொந்தம். ஸ்டாண்டுல வெயில்லயும் மழையிலயும் காத்துக் கெடக்குற சொந்தங்களே, உங்களுக்கு இத நான் சொல்லித் தரணுமா? பின்னாடி உக்காந்து வாறவங்க வாயில என்னென்ன வரும்னு நீங்களும் பட்டிருப்பீங்க. நான் பட்டதுல கொஞ்சத்த, கேட்டது கேட்டபடி சொல்றேன். அரநாயக்க பக்கம், கீழ ரப்பர், மேல தேயிலைன்னு ரெண்டும் கலந்த தோட்டம் எங்களது. ஜங்ஷன்ல ஸ்டாண்டு, மலை மேல நாங்க குடியிருக்குற லயம், நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போற ஒரு ரோடு. என் பொழப்பும் என் விசுவாசமும் அந்த ரோட்டுலதான் ஏறி எறங்குனிச்சு.

குதிர கேட்டேன்

வண்டி எடுத்த புதுசுல எனக்கு ஒரே ஒரு ஆச. பின்னாடி குதிர ஸ்டிக்கர் ஒட்டணும். எங்க ஸ்டாண்டுல கழுகு இருக்கு, சிங்கம் இருக்கு, நடிகர் மூஞ்சி இருக்கு, குதிர மட்டும் இல்ல. முன்கால் ரெண்டையும் தூக்கிக்கிட்டு நிக்கிற வெள்ளக் குதிர. அத நெனச்சாலே எனக்கு நெஞ்சு அடிச்சுக்கும். என் பொண்டாட்டி எஸ்தரும் சரின்னுட்டா. ஆனா எஸ்தரோட அம்மா ராகேல் மாமி இருக்காங்களே, அவங்கள நீங்க தெரிஞ்சுக்கணும். மாமி ரப்பர்ல பால் வெட்டுறவங்க. விடியக்காலையில கத்தியோட போயி, மரம் மரமா பட்டையச் சீவி, சிரட்டையில பால வடிய விட்டு, அத வாளியில சேத்துத் தூக்கிட்டு வர்ற ஆளு. எங்க சபையில பொம்பளைங்க உபவாச ஜெபத்துக்கு அவங்கதான் தலைவி. சபைச் சாவியும் அவங்க இடுப்புலதான் தொங்கும்.

மாவனல்லை டவுன்ல ஸ்டிக்கர் கடைக்கு நான் போயி எறங்குறேன், எனக்கு முன்னாடி பஸ்ஸுல வந்து மாமி அங்க உக்காந்திருக்காங்க. மஞ்ச எழுத்துல பெருசா "கர்த்தர் பார்த்துக்கொள்வார்"னு வெட்டச் சொல்லி, அது வெட்டியும் முடிஞ்சிருச்சு. மூலையில சின்னதா ஒரு குதிரையாவது வச்சுக்கிறேனேன்னு கெஞ்சிப் பாத்தேன். கர்த்தர் பேருக்குப் பக்கத்துல மிருகம் எதுக்குன்னு மாமி ஒரே வெட்டா வெட்டிட்டாங்க. கடைக்கார முஸ்லிம் நானா தலைய நிமித்தாம ஸ்டிக்கரத் தேச்சு ஒட்டிக்கிட்டே சொன்னாரு: "மருமகன், மாமிட பேச்சக் கேட்டு நடங்க, குதிர இல்லாமலே வண்டி ஓடும்."

வளைவுல ஒரு சோதனை

ஒட்டுனதுக்கப்புறம்தான் தெரிஞ்சிச்சு, அந்த எழுத்த ஒட்டுனவன் ஒவ்வொரு நாளும் பரீட்ச எழுதணும்னு. டயர் பஞ்சர் ஆனா ஸ்டாண்டே திரும்பிப் பாத்துச் சிரிக்கும், உங்க கர்த்தர் காத்து அடிக்க மறந்துட்டாரான்னு. அதவிடப் பெரிய பரீட்ச சிவபாலன் சேர். யாழ்ப்பாணத்துக்காரர், பிரதேச செயலகத்துல அதிகாரி, நெத்தி நெறைய விபூதி. தோட்டத்துப் பக்கம் வேல வந்தா என் வண்டியிலதான் வருவாரு. ஏறுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் பின்னாடி போயி அந்த எழுத்த வாசிச்சிட்டுத்தான் ஏறுவாரு.

அன்னைக்கு மழை பேஞ்சு ஓஞ்ச நேரம். மேல இருந்து எறங்குறோம், ரெண்டாவது வளைவுல பிரேக்க மிதிக்கிறேன், பிடிக்கல. இன்னொருக்கா மிதிக்கிறேன், கொஞ்சம் பிடிக்குது. நான் சத்தமா ஞானப்பாட்டு பாட ஆரம்பிச்சிட்டேன். பின்னாடி சேர் முருகனக் கூப்புடுறாரு. ரெண்டு பேரும் ரெண்டு பக்கமா வேண்டிக்கிட்டே, சாக்கடை ஓரமா ஒரசிக்கிட்டு ஜங்ஷன்ல வந்து நின்னோம். சேர் எறங்கி, சால்வையச் சரி பண்ணிக்கிட்டு, பின்பக்கம் போயி அந்த எழுத்த நிதானமா ஒருக்கா வாசிச்சாரு. அன்னைக்கே நான் கராஜுக்கு ஓடுனது அவர் சொன்ன வார்த்தையாலதான்: "தம்பி, கர்த்தர் எங்களைப் பாக்கிறது இருக்கட்டும், உந்த பிரேக்கை ஆர் பாக்கிறது?"

யாரு ஜெபம் ஜெயிக்கும்

எங்க சபையில ஞாயித்துக்கெழம ஆளாளுக்கு எந்திரிச்சு ஜெபம் பண்ணலாம். அங்கதான் கூத்து. பால் வெட்டுறவங்க, காலையில மழை வேணாம் ஆண்டவரேன்னு கேப்பாங்க, ஏன்னா பட்ட நனைஞ்சா அன்னைக்கு வெட்டு இல்ல, வெட்டு இல்லாட்டி அன்னைக்குப் பேரும் இல்ல, சம்பளமும் இல்ல. மேல் தோட்டத்துக் கொழுந்து எடுக்குறவங்க எந்திரிச்சு, மழைய ஊத்துங்க தகப்பனேன்னு கேப்பாங்க. நான் கண்ண மூடிக்கிட்டு, கொழும்பு பஸ் வந்து நிக்கிற நேரத்துக்கு மட்டும் லேசாத் தூறுனாப் போதும்னு கேப்பேன். எல்லாத்துக்கும் பாஸ்டர் ஒரே ஆமென்தான் சொல்லுவாரு.

இந்த வருஷம் கொழுந்துக்காரங்க ஜெபம் ரொம்ப ஓவரா ஜெயிச்சிருச்சு. மழை விடவே இல்ல. மாமியோட கத்தி கூரையில சொருகுனது சொருகுனபடியே இருந்திச்சு. லயத்துல அடுப்புக்கும் வேல கொறஞ்சு போச்சு. ஆனா ஞாயித்துக்கெழம சாட்சி சொல்ற நேரம் வந்தா மாமிதான் முதல்ல எந்திரிப்பாங்க, இந்த வாரமும் கர்த்தர் பாத்துக்கிட்டாருன்னு சொல்லுவாங்க. எனக்கு உள்ளுக்குள்ள எரியும். எங்க பாத்துக்கிட்டாரு, எதப் பாத்துக்கிட்டாருன்னு கேக்கணும் போல இருக்கும். இத ஸ்டாண்டுல என் கூட்டாளி சுனில்கிட்ட கொட்டுனேன். சிங்களப் பையன், தங்கமான மனுஷன், என்னையத் தம்பின்னு 'மல்லி' போட்டுத்தான் கூப்புடுவான். அவன் வெத்தலையத் துப்பிட்டுச் சிங்களத்துல சொன்னத அப்படியே தமிழ்ல தாறேன்: "பாவம் மல்லி உங்க சாமி, பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர் மாதிரிதான், எல்லாரும் அவர்கிட்டதான் சண்டைக்கு வாறாங்க."

கதவு பூட்டல

ஒரு நாள் மாமி லயத்துல அவங்க இருக்குற காம்பராக் கதவு பூட்ட மாட்டேங்குதுன்னு என்னையக் கூப்புட்டாங்க. மழைக்கு மரம் ஊதியிருக்கும்னு நெனச்சு நானும் சீவுளியோட போனேன். சீவிட்டு வந்தேன், மறுநாளும் பூட்டல. பக்கத்துக் காம்பராக் கதவும் பூட்டல. லயத்துக்குப் பின்னாடி ஊத்துத் தண்ணி டீ நெறத்துல வருது. நிலத்துல என் கை போற அளவுக்கு ஒரு வெடிப்பு, ரப்பர் மலை வரைக்கும் ஓடியிருக்கு. கிராம சேவகர்கிட்ட ஓடிச் சொன்னேன்.

மண்சரிவு பாக்குற ஆபீஸ்ல இருந்து ஒரு இன்ஜினியர் பொண்ணு வந்திச்சு, சிங்களப் பொண்ணு, என் வண்டியிலதான் மேல ஏத்திக்கிட்டுப் போனேன். சேத்துக்குள்ள சப்பாத்தோட நடந்து எல்லாத்தையும் பாத்துட்டு, பெரிய மழை தொடங்குனா ஒரு நிமிஷம்கூட இங்க நிக்கக் கூடாது, கீழ ஸ்கூலுக்குப் போயிரணும்னு சொல்லிச்சு. மாமிக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு. இந்த லயத்துல என் தகப்பன் காலத்துல இருந்து இருக்கோம், ஒண்ணும் ஆகல, எங்க தேவன் பாத்துக்குவாருன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லி, அந்தப் பொண்ணுக்குத் தேத்தண்ணியும் ஊத்திக் குடுத்தாங்க. பொண்ணு தேத்தண்ணிய வாங்கிக் குடிச்சிட்டு, கோப்பையத் திருப்பிக் குடுக்குறப்ப மாமி கையப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லிச்சு: "அம்மே, எனக்கு உங்க தெய்வத்தப் பத்தித் தெரியாது, ஆனா இந்த மலைய எனக்குத் தெரியும், இது போகப் போகுது."

கூப்புடாமலே வந்த ஸ்டாண்டு

அந்தப் பெரிய மழை ஒரு ராத்திரி முழுக்க ஊத்துனிச்சு. காலையில போன்ல சிக்னல் இல்ல, கரண்ட் இல்ல. கீழ பன்சலை, அதான் புத்த கோயில்ல இருந்து பிக்கு ஹாமுதுரு ஜெனரேட்டர் போட்டு ஸ்பீக்கர்ல சிங்களத்துலயும் தமிழ்லயும் சொல்றாரு, மேல இருக்குறவங்க எல்லாரும் எறங்குங்கன்னு. முதல் ட்ரிப்புலயே எஸ்தரக் கொண்டு போயி ஸ்கூல்ல விட்டேன். அம்மாவக் கூட்டிட்டு வாங்கன்னு என் சட்டையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா. திரும்ப மேல போனா லயம் முழுக்க ஆளு, மூட்ட, கைப்புள்ள, கோழி. என் ஒரு வண்டிய வச்சுக்கிட்டு நான் எத்தன பேர ஏத்துறது? அழுகையே வந்திருச்சு.

அப்பதான் கீழ வளைவுல ஹாரன் சத்தம். சுனில் வண்டி. அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு, அதுக்குப் பின்னாடி இன்னொண்ணு. கழுகு வருது, சிங்கம் வருது, நடிகர் மூஞ்சி வருது! எங்க ஸ்டாண்டே ஏறி வருது சொந்தங்களே. யாரும் கூப்புடல, யாரும் வாடக பேசல. என் உசுருள்ள வரைக்கும் அந்த ஹாரன் சத்தத்த மறக்க மாட்டேன். ஏத்து, எறக்கு, திரும்பு, மறுபடி ஏத்து. ரோடு ஆறாட்டம் ஓடுது, ஒருத்தனும் நிறுத்தல. எனக்குப் பயமும் சந்தோஷமும் சேந்து வந்து, பைத்தியக்காரன் மாதிரி சத்தம் போட்டுக்கிட்டே ஓட்டுறேன். அந்த அமளியிலயும் ஒரு அம்மா தன்னோட ஆட்ட சுனில் மடியில தள்ளிவிட்டுட்டுச் சொன்னாங்க: "தம்பி, இத முன்னாடியே வச்சுக்குங்க, பின்னாடி உக்காந்தா இதுக்கு வாந்தி வரும்."

எங்க எழுதச் சொன்னீங்க

லயம் காலியாயிருச்சு, மாமி காம்பரா மட்டும் காலியாகல. பூட்டாத கதவுக்குள்ள மாமி பாயில முழங்கால்ல இருக்காங்க. பைபிளப் பிளாஸ்டிக் பையில சுத்தி மடியில வச்சிருக்காங்க. அவங்களச் சுத்தி உபவாச ஜெபத்துப் பொம்பளைங்க மூணு பேரு. ராகேல் அக்கா போகாம நாங்க போக மாட்டோம்னு ஒரே பிடி. ஒரு உசுரு இல்ல, நாலு உசுரு. வெளிய ரப்பர் மரம் முறியிற சத்தம் கேக்குது. வாங்க மாமின்னு கெஞ்சுனேன், கத்துனேன், எஸ்தர் அழுகுறான்னும் சொன்னேன். மாமி கண்ணத் தொறந்து, குரல உசத்தாமச் சொன்னாங்க. இத்தன வருஷமா கர்த்தர் பாத்துக்குவாருன்னு எல்லாருக்கும் நான்தான் சொன்னேன், இப்ப நானே ஓடுனா நான் சொன்னதெல்லாம் பொய்யாயிரும், இவங்க எல்லாரும் என்னைய நம்பி எத நம்புவாங்கன்னு கேட்டாங்க. அப்பதான் எனக்குப் புரிஞ்சிச்சு. மாமிக்குச் சாவுக்குப் பயம் இல்ல, சாட்சி கெட்டுப் போயிருமேன்னுதான் பயம்.

எனக்கு வேதத்துல பெரிய அறிவு கெடையாது. வாயில என்ன வந்திச்சோ அதக் கேட்டேன். "மாமி, அந்த வார்த்தைய எங்க எழுதச் சொன்னீங்க? லயத்துச் செவுத்துலயா?" மாமி என்னைய நிமிந்து பாத்தாங்க. "வண்டியில"ன்னாங்க. "அப்ப வண்டியில ஏறுங்க"ன்னேன்.

அப்புறம் அந்த மூணு பேருல லீதியாக்காவுக்குச் சிரிப்பு வந்திருச்சு. அந்த நேரத்துல, அந்த எடத்துல, வாயப் பொத்திக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாங்க. சிரிச்சுக்கிட்டே போயி முதல்ல ஏறி உக்காந்ததும் அவங்கதான். மத்த ரெண்டு பேரும் பின்னாடியே போனாங்க. மாமி மெதுவா எந்திரிச்சு, கூரையில சொருகியிருந்த பால் வெட்டுக் கத்திய எடுத்து இடுப்புல வச்சுக்கிட்டு, என்னையத் தாண்டிப் போறப்ப விரல நீட்டிச் சொன்னாங்க: "ஏறுறேன், ஆனா இதச் சாக்கா வச்சுக்கிட்டுக் குதிர ஒட்டிறாத."

போச்சு

நாலு பொம்பளைங்க, நான், வழி முழுக்கச் சேறு. சின்னப் பாலத்துக்கிட்ட வண்டியோட பின்சக்கரம் பொதஞ்சிருச்சு. எறங்கித் தள்ளுறோம். மாமி அந்த மஞ்ச எழுத்து மேலயே ரெண்டு கையையும் வச்சுத் தள்ளுறாங்க. அசையல. கீழ நின்ன சுனில் ஓடி வந்து, வண்டிய விடு, ஆள எடுன்னு என் கழுத்தப் பிடிச்சு இழுத்தான். பாலத்தத் தாண்டி ஓடுனோம். மாமிய நானும் சுனிலும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கிட்டு ஓடுனோம்.

திரும்பிப் பாக்குறேன், மலை எறங்குது. சத்தத்த என்னன்னு சொல்றது, எனக்கு இப்பவும் சொல்லத் தெரியல. ரப்பர் மரம் எல்லாம் நின்னபடியே நகந்து வருது. லயம் இருந்த எடத்துல லயம் இல்ல. பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்ன என் வண்டி ஒரே மூச்சுல உள்ள போயிருச்சு, மஞ்ச எழுத்தோட. நான் ரோட்டுலயே உக்காந்து, அப்பா செத்தப்பகூட அழாத அழுகைய அழுதேன். சுனில் என் கக்கத்துல கையக் குடுத்துத் தூக்கிக்கிட்டே சொன்னான்: "மல்லி, அது இரும்பு, அழுறதுன்னா கீழ போயி அழு, இது அழுற எடம் இல்ல, எந்திரி."

மாமி எந்திரிக்கல

அந்த ஞாயித்துக்கெழம ஆராதன ஸ்கூல்லதான், ஒரு வகுப்பறையில, புள்ளைங்க உக்காந்து படிக்கிற வாங்குல இடிச்சுப் பிடிச்சு உக்காந்து. மாவனல்லைப் பள்ளிவாசல்ல இருந்து சமைச்ச சோறு வாசல்ல எறங்குது. எங்க லயத்துல ஒரு உசுரும் போகல. ஆனா மலையோட அந்தப் பக்கத்து லயத்துல ஆளுங்க தப்பல. எங்க சபை தேவதாஸ் அண்ணனோட தம்பி குடும்பம் அங்கதான் இருந்திச்சு. சாட்சி நேரம் வந்திச்சு. யாரோ ஒருத்தர் எந்திரிச்சு, எங்களக் காப்பாத்துன தேவனுக்கு ஸ்தோத்திரம்னு சத்தமாச் சொன்னாரு. முன் வாங்குல தேவதாஸ் அண்ணன் தலைய இன்னும் கீழ தொங்கப் போட்டுக்கிட்டாரு. எல்லாரும் மாமியப் பாக்குறாங்க. எப்பவும் முதல்ல எந்திரிக்கிற மாமி எந்திரிக்கவே இல்ல. எனக்குப் பயமாயிருச்சு. வண்டி போனது போகட்டும், இந்த மனுஷியோட விசுவாசமும் மண்ணுக்குள்ள போயிருச்சுன்னா நாங்க எல்லாரும் எதப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது?

கடைசியில எந்திரிச்சாங்க. வழக்கமாச் சொல்ற முதல் வார்த்தையக்கூடச் சொல்லல. அவங்க பேசி முடிச்சதும் தேவதாஸ் அண்ணன் எந்திரிச்சு வந்து மாமி பக்கத்துல உக்காந்துக்கிட்டாரு, பாஸ்டர் பிரசங்கத்த மூடி வச்சிட்டு ஜெபத்துக்குப் போயிட்டாரு. இத்தன வருஷம் மாமி சாட்சியக் கேட்டு எரிஞ்ச எனக்கு அன்னைக்குத்தான் நெஞ்சு நெறஞ்சு போச்சு. மாமி சொன்னது இவ்வளவுதான்: "நம்மள மட்டும் காப்பாத்துனாருன்னு நான் சொல்ல மாட்டேன். அந்தப் பக்கத்துல இருந்தவங்களும் ஜெபம் பண்ணவங்கதான். ஏன்னு எனக்குத் தெரியல, அவர் மேல எனக்குக் கோவமா இருக்கு. ஆனா இந்தக் கோவத்தக் கொண்டு போயிக் கொட்டுறதுக்கு அவர விட்டா எனக்கு வேற ஆளு இல்ல."

மூலையில ஒண்ணு

சுனிலோட தம்பி கொரியாவுக்குப் போனதுல இருந்து அவனோட த்ரீவீல் வீட்டுல சும்மா நிக்கிது. எலி கூடு கட்டுறதுக்குப் பதிலா நீ ஓட்டுன்னு சாவிய என் சட்டப் பையில போட்டான் சுனில். பின்பக்கம் வெறுமையா இருந்திச்சு. ஓட்டுறேன், ஆனா ஏதோ சட்ட போடாம ரோட்டுல போற மாதிரி ஒரு கூச்சம். சிவபாலன் சேர் நாங்க தங்கியிருந்த ஸ்கூல் முகாமுக்கு வேலையா வந்தவரு, பழக்க தோஷத்துல பின்னாடி போயி வாசிக்கப் பாத்து, ஒண்ணும் இல்லாததப் பாத்துட்டு, வந்து ஏறிக்கிட்டாரு. அன்னைக்குப் பிரேக்கப் பத்தி ஒரு வார்த்த பேசல.

மறுவாரம் மாமிய மாவனல்லைக்குக் கூட்டிட்டுப் போனேன், உடுப்பு எடுக்க. ஸ்டிக்கர் கடை நானா எங்களக் கண்டதும் எறங்கி வந்தாரு. சேதி எல்லாம் அவருக்குத் தெரிஞ்சிருந்திச்சு. ஒண்ணும் கேக்காம உள்ள போயி, மஞ்ச எழுத்தச் சுருட்டா எடுத்துட்டு வந்தாரு. கேள்விப்பட்ட அன்னைக்கே வெட்டி வச்சாராம். தேச்சுத் தேச்சு ஒட்டுனாரு. ஒட்டி முடிச்சுத் தாள உரிச்சா, மூலையில, முன்கால் ரெண்டையும் தூக்கிக்கிட்டு ஒரு வெள்ளக் குதிர! நானா மெதுவா ரெண்டடி பின்னால போயி நின்னுக்கிட்டாரு. நான் மாமி மூஞ்சியப் பாக்குறேன். மாமி கிட்டப் போயி, எழுத்து மேல உள்ளங்கையால ஒருக்கா தடவுனாங்க. அன்னைக்குப் பாலத்துக்கிட்ட கைய வச்சுத் தள்ளுனாங்களே, அதே எடம். கண்ணு கலங்கியிருந்திச்சு. அப்புறம் விரலால அந்தக் குதிரையையும் தொட்டுப் பாத்தாங்க. திரும்பி வந்து வண்டியில ஏறி, சேலையச் சரி பண்ணிக்கிட்டு, எனக்கும் நானாவுக்கும் பொதுவாச் சொன்னாங்க: "தள்ளுறதுக்கு ஒரு ஆளு கூட இருந்தா நல்லதுதான், இருக்கட்டும்."

ஆக சொந்தங்களே, எங்க எல்லாரையும் கர்த்தர் பாத்துக்குவாரு, ஆனா மாமிய வண்டியில ஏத்துற பொறுப்ப மட்டும் அவரும் மருமகன் தலையிலதான் கட்டி விடுறாரு.